மழைத் தொழுகைக்குப் போயிருக்கீங்களா? அனுபவத்த சொல்லுங்க

ராம்நாட்டு பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் தொழுகை பத்தி எல்லாரும் எழுதுறாங்க, மழை வேண்டித் தொழுற மழைத் தொழுகை பத்தி யாரும் எழுதல, அதான் நானே ஆரம்பிக்கிறேன். 2016ல வடகிழக்குப் பருவமழை சுத்தமா ஏமாத்திருச்சு, 2017 ஜனவரில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுச்சு. எங்க பக்கம் கண்மாய் எல்லாம் வெடிச்சு கெடந்துச்சு, மொளகா போட்டவங்க பாடு அதோகதி.

ஜும்ஆல (வெள்ளிக்கிழமை தொழுகைல) ஹஜ்ரத், அதான் எங்க பள்ளிவாசல் இமாம், சொன்னாரு, மூணு நாள் நோன்பு வைங்க, யாருகூடயாவது சண்ட சச்சரவு இருந்தா பேசித் தீத்துட்டு நாலாம் நாள் திடலுக்கு வாங்க, அத்தர் வேணாம், பழைய சட்டையே போதும், வயசானவங்க, பிள்ளைங்க, ஆடு மாடு எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்கன்னு. ஆட்ட நெசமாவே ஓட்டிட்டு வந்துட்டாங்க, அதுல ஒண்ணு கடைசி சஃப்ல (வரிசைல) விரிச்ச பாய மென்னுக்கிட்டு இருந்துச்சு 😄

தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு இல்ல, தொழுகை தொடங்குறப்ப சொல்ற இகாமத் இல்ல. ரெண்டு ரக்அத் (தொழுகையோட சுற்று), ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) ஊருங்கறதால பெருநாள் மாதிரியே மொத ரக்அத்ல ஏழு தக்பீர் (அல்லாஹு அக்பர் சொல்றது), ரெண்டாவதுல அஞ்சு தக்பீர். குத்பால (பிரசங்கத்துல) மட்டும் தக்பீருக்குப் பதிலா இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்பு கேக்குறது). ரெண்டாவது குத்பா நடுவுல ஹஜ்ரத் கிப்லா (மக்கா திசை) பக்கம் திரும்பி தோள்ல கெடந்த சால்வைய வலத இடமா மாத்திப் போட்டாரு. நபி (ஸல்) அவங்க மேலாடைய அப்படி மாத்துனாங்கன்னு புகாரிங்கற ஹதீஸ் (நபிமொழி) நூல்ல இருக்கு, பஞ்சமும் இப்படி மாறட்டும்னுதான். துண்டு போட்டவங்க மாத்திட்டாங்க, டீசர்ட் பசங்க பேந்த பேந்த முழிச்சாங்க. துஆல (பிரார்த்தனைல) புறங்கைய வானத்தப் பாத்து வைக்கணும், அது பாதிப்பேருக்குத் தெரியல.

மழை வரல. வெயிலுதான் மண்டையப் பொளந்துச்சு. டீக்கடைல "என்ன பாய், தொழுதும் வரலயே"ன்னு கேட்டாங்க, எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. ஹஜ்ரத்துகிட்ட சொன்னா அவரு சிரிக்கிறாரு, "வரலன்னா மறுபடி தொழணும்னுதானே சட்டமே இருக்கு, நாம கேக்குறவங்க, அவன் குடுக்குறவன், இதுல ரோஷம் எதுக்கு?" மறுபடியும் தொழுதோம். அந்த வெள்ளாம போனது போனதுதான்.

பெரம்பூர்க்காரன்:
வஅலைக்கும் ஸலாம் பாய். 2019ல சென்னைல புழல், செம்பரம்பாக்கம்லாம் காஞ்சு ஜோலார்பேட்டைலருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்துச்சே, அப்போ எங்க மஹல்லாலயும் (பள்ளிவாசல் பகுதிலயும்) மழைத் தொழுகை வச்சாங்க. நாங்க ஹனஃபி மத்ஹப், அதோட இமாம் அபூஹனீஃபா கருத்துல இதுக்கு ஜமாஅத் (கூட்டு) தொழுகை சுன்னத் (நபிவழி) இல்ல, துஆவும் இஸ்திக்ஃபாரும்தான், ஆனா அவங்க மாணவங்க ரெண்டு பேர் தொழுகை உண்டுங்குறாங்க. கமிட்டில இதுக்கே ஒரு மீட்டிங் போச்சு! கடைசில தொழுதோம். எனக்கு பாதி கவனம் மெட்ரோ வாட்டர் லாரி வந்துருமோன்னு வாசல் பக்கமே இருந்துச்சு.

ரியாத் தம்பி:
இங்க சவூதில மன்னர் அறிவிப்பு குடுத்தா நாடு முழுக்க ஒரே நாள்ல, சூரியன் உதிச்ச கொஞ்ச நேரத்துல தொழுதுருவாங்க. மொதத் தடவ ரூம்ல இருந்த வடநாட்டு பசங்க என்ன பெருநாளா, லீவான்னு கேட்டாங்க 😂

பெரம்பூர்க்காரன்:
இன்னொண்ணு விட்டுட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல இதுக்கு நேர் எதிர் துஆ ஓதுனோம். ஹதீஸ்லயே இருக்கே, ஜும்ஆல ஒருத்தர் நபிகிட்ட (ஸல்) வந்து மழைக்கு துஆ கேட்டாரு, ஒரு வாரம் சூரியனையே பாக்காத அளவுக்குக் கொட்டுச்சு, அடுத்த ஜும்ஆல வந்து நிறுத்தச் சொல்லுங்கன்னு கேட்டாங்க, அந்த துஆ. மாடில உக்காந்து ஓதுனோம், கீழ இடுப்பளவு தண்ணி.

ராம்நாட்டு பாய்:
அல்லாஹும்ம ஹவாலைனா வலா அலைனா. எங்களச் சுத்தி பெய்யட்டும், எங்க மேல வேணாம். சுத்தின்னா எங்க ஊரு பக்கம் தள்ளி விடுங்க பாய், கண்மாய் காலியாதான் இருக்கு.