பேச்சு வராத பையனுக்கு பதட்டத்த அடக்க எப்படிப் பழக்குறது?

பாம்பன் டீச்சர்: ஒன்பது வயசுப் பையன், வள்ளத்து இன்ஜின் சத்தம் கேட்டாலே காதப் பொத்திட்டு கையக் கடிச்சுக்கிறான், தழும்பாவே ஆயிருச்சு, வேணுங்கறத தொட்டுக் காட்டுற படக்கார்டு நீட்டினா தட்டி விடுறான், பார்க்கவே மனசு கெடந்து அடிச்சுக்குது.

மண்டபத்துக்காரர்: அக்கா, கத்துற நேரத்துல எதுவும் ஏறாது, அமைதியா இருக்கப்பவே பழக்கணும். நீங்களே காதப் பொத்தி, 'சத்தம்' கார்டத் தொட்டு, மூலையில போய் உக்காந்து காட்டுங்க, தினம் அஞ்சு நிமிஷம். அவன் கார்டத் தொட்டா அந்த நிமிஷமே வெளிய கூட்டிட்டுப் போயிரணும், அப்பத்தான் நம்புவான். காது வலி இருக்கான்னும் டாக்டர்ட்ட காட்டிருங்க.

தொண்டி அம்மா: என் மகளுக்கு கடக்கரை மணல துணிப்பையில கட்டிக் குடுத்தோம்மா, அத அமுக்கி அமுக்கியே மூச்சு நிதானமாயிரும். சென்னையில செஞ்ச ஆவாஸ்னு ஒரு போன் ஆப்பும் இருக்கு, படத்தத் தொட்டா அந்த வார்த்தைய தமிழ்லயே பேசும்.

பாம்பன் டீச்சர்: நாளைக்கே புதுக்கார்டு லேமினேட் பண்றேன், பழசு உப்புக்காத்துல சுருண்டு போச்சு.