புதுப்பிப்பு: பத்மினியில் பிரேக் விடாமல் பிடித்த சிக்கல் தீர்ந்தது

வீட்டில் பிரித்துப் பூட்டும் பிரீமியர் பத்மினி காரில், பெடலை விட்டாலும் முன் இடது சக்கரம் இறுகியே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடில் (தள்ளுகம்பியில்) ப்ளே, அதாவது சிறு இடைவெளி, சரியாகவே இருந்தது. "ரப்பர் ஹோஸைப் பாருங்கள்" (இரும்புக் குழாயிலிருந்து சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய்) என்ற யோசனைதான் பலித்தது. ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்தினால் சக்கரம் விடவில்லை. சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் நிப்பிளை (ஆயில் வெளியேற்றும் திருகை) திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுழன்றது. அடைப்பு நடுவில், ஹோஸில்தான்.

எதிர்பாராதது: வெளியே புதிதுபோல் இருந்த ஹோஸை அறுத்தால், உள்ரப்பர் உப்பி ஊசித்துளைதான் மிச்சம். பெடலின் அழுத்தம் அதில் ஆயிலைத் தள்ளிவிடும். ஷூ ஸ்பிரிங்கால் திருப்பியனுப்ப முடியாது.

பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்குவோர் பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய் மரை, நீளம் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், செம்பு வாஷரும் புதிதாக. கழற்றியதைச் சக்கரத்துக்கொரு கவரில் போட்டு "மு.இ." (முன் இடது), "மு.வ." (முன் வலது) என்று எழுதி வைத்ததால் ஸ்பிரிங்குகள் இடம் மாறவில்லை.