சரவுண்ட் ஸ்பீக்கருக்கு கெப்பாசிட்டர் மாற்றுவது வீண் செலவா?

கேள்வி: 5.1 ஹோம் தியேட்டர் செட்டில் சரவுண்டாக (பக்கவாட்டு, பின்பக்க ஒலிக்கு) ஓடுவது 15 வருடப் பழைய இருவழி ஸ்பீக்கர் ஜோடி: கீச்சொலிக்கு ட்வீட்டர், மற்றதுக்கு ஊஃபர். ஒலியை இந்த இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் (உள்ளே திரவம் ஊறிய) கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு ஃபிலிம் (பிளாஸ்டிக் படல) ரகம் போடலாமா?

டெசிபெல்: வேண்டாம். சரவுண்டில் வருவது பெரும்பாலும் மழை, கூட்டத்தின் இரைச்சல், எதிரொலி. ரிசீவரில் (செட்டின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சப்ஊஃபருக்குப் பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அடிச்சத்தம் சப்ஊஃபருக்குப் போய்விடும். மிச்சத்தில் கெப்பாசிட்டரின் ரகம் யார் காதில் விழப்போகிறது? பெட்டியை, திரையைப் பார்க்கும் திசையிலிருந்து 110–120 டிகிரியில், காது மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். காசே இல்லாமல் அதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும்.

சால்டர்கம்பி: ரகத்தை விடுங்க சார், மதிப்பைப் பாருங்க. 8 ஓம் ட்வீட்டரோடு தொடரில் 4.7 மைக்ரோஃபாரட் இருந்தால் வெட்டு (அதற்குக் கீழே ஒலி ட்வீட்டருக்குக் குறையும் எல்லை) சுமார் 4,200 ஹெர்ட்ஸில். எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து 20 சதவீதம் இறங்கினால் 5,300-க்குத் தாவிவிடும். அந்த இடைவெளியில் பள்ளம் விழும். கெப்பாசிட்டரின் உள்தடை (அதற்கே உள்ள மின்தடை) 1 ஓம் ஏறினால் ட்வீட்டர் 1 டெசிபெல் அடங்கும். மழைச் சத்தம் மங்குவது இதனால்தான்.

டெசிபெல்: அந்த 1 டெசிபெலை, ரிசீவர் மைக் வைத்து அறையை அளந்து ஒலியைச் சரிசெய்யும் ஆடிசி மாதிரி அறைத் திருத்தமே நிரப்பிவிடுமே.

சால்டர்கம்பி: மட்டத்தை நிரப்பும். ஆனால் இந்தப் பள்ளம் ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் ஃபேஸ் பிசகி (அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல்) வருவது, கோணத்துக்குக் கோணம் மாறும். நடு இருக்கைக்கு நிரப்பினால் ஓர இருக்கையில் அதே இடம் மேடாகிக் காதைக் குத்தும். சரவுண்டுக்கு யாருமே நேரெதிரே உட்காருவதில்லை.

பெட்டிதிறப்பான்: இரண்டு பேரும் மீட்டரை எடுங்க. கெப்பாசிட்டரின் ஒரு காலைச் சால்டர் எடுத்துத் தூக்கிவிட்டு எல்சிஆர் மீட்டரில் (கெப்பாசிட்டர், காயில், தடை அளக்கும் கருவி) 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கணும். போர்டில் இருந்தபடியே அளந்தால் பக்கத்திலுள்ள காயிலும் (கம்பிச் சுருள்) சேர்ந்து தப்பான கணக்கு வரும். அச்சிட்ட மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்து, உள்தடையும் ஏறாமல் இருந்தால் தொடவே வேண்டாம். தாண்டினால் இரண்டு பெட்டியிலும் சேர்த்து மாற்றுங்க.

ஃபிலிமுக்கு உள்தடை கிட்டத்தட்ட இல்லை. பழையதன் உள்தடையையும் கணக்கில் வைத்து டிசைன் செய்திருந்தால் ட்வீட்டர் கூர்மையாகிக் கத்தும். அப்போது தொடரில் 0.5 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஃபிலிம் உருவத்திலும் பெரியது. கேபிள் டையும் ஹாட் க்ளூவும் போட்டு இறுக்காவிட்டால் அதிர்வில் கால் ஒடியும். இரும்புக் கோர் காயிலை ஏர் கோராக (நடுவில் இரும்பு இல்லாததாக) மாற்றும் ஆசை வேண்டாம். கம்பித் தடை கூடினால் ஊஃபர் மட்டம் இறங்கும்.

அதற்கும் முன்னால் ஊஃபரின் ஃபோம் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்க. பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ முதல் செலவு அதுக்குத்தான்.

டெசிபெல்: அளந்து, விலகியிருந்தால் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதை நான் எதிர்க்கவில்லை. மதிப்பு சரியாக இருக்கும்போதே பத்து மடங்கு விலையில் 'ஆடியோஃபைல்' கெப்பாசிட்டர் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாற்றினால் ரிசீவரின் அறை அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். பழைய திருத்தம் அப்படியே இருந்தால், ஏற்கெனவே தூக்கிவிட்ட ட்வீட்டர் இன்னும் ஏறிக் கேட்கும்.

சால்டர்கம்பி: பத்து மடங்கு விலையை நானும் சொல்லலை சார். 100 வோல்ட் சாதா பாலிபுரொப்பிலின் ஃபிலிம் போதும். பட்ஜெட் இடித்தால் புது நான்-போலார் (ப்ளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் போடலாம், ரெசிஸ்டரும் தேவைப்படாது. ஆனால் அது மறுபடி காயும்; சுவரில் தொங்கும் பெட்டியை இன்னொரு தடவை இறக்கணும். அதனால்தான் ஃபிலிம் என்கிறேன்.