தூணில் சுற்றிய கார்பன் ஃபைபர் பொள்ளென்று கேட்கிறது, அவசரம்

கடலோரவாசி:
கார் நிறுத்துமிடத் தூணில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்தது. ஒப்பந்தக்காரர் கார்பன் ஃபைபர் துணி சுற்றி எபாக்சி பசை பூசிவிட்டுப் போனார். இன்று காசால் தட்டினால் அங்கங்கே பொள்ளென்று சத்தம். நாளை பூச்சு வேலைக்கு ஆள் வருகிறது. பூசலாமா?

சைட்தம்பி:
தூண் வட்டமா, சதுரமா? எத்தனை சுற்று? சத்தம் எவ்வளவு அகலத்துக்கு? படம் போடுங்க சார்.

ஈரமானி:
ஈரம்தான், வேறெதுவும் இல்லை. கான்கிரீட் காயும் முன் பிரைமர் அடித்தால் எபாக்சி பிடிக்காது. எங்கள் பக்கம் மழைக்கு மறுநாள் ஒட்டியதெல்லாம் இப்படித்தான் எழும்பியது.

மூத்தபொறியாளர்:
கேட்கும் முன் ஏசிஐ 440.2-ஐ, அதாவது இப்படித் துணி ஒட்டுவதற்கான அமெரிக்கக் கான்கிரீட் கழக வழிகாட்டியை, ஒரு தடவை புரட்டியிருக்கலாம். 1300 சதுர மி.மீ.க்குள், அதாவது மூன்றரை செ.மீ. சதுரத்துக்குள், துணிக்கடியில் ஒன்றிரண்டு வெற்றிடம் இருந்தால் விடலாம். 16,000 சதுர மி.மீ. வரை ரெசின் (பிசின்) ஏற்றியோ துணி மாற்றியோ சரிசெய்யலாம். அதையும் தாண்டினால் வெட்டியெடுத்துப் புதுத் துணி ஒட்ட வேண்டும். அளவே சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

துருப்பகை:
இதுக்குத்தான் கட்டும்போதே கண்ணாடி இழைக் கம்பி போடணும் என்கிறேன். துருவே கிடையாது, எடையும் இரும்பில் கால்வாசி.

மூத்தபொறியாளர்:
விறைப்பும் கால்வாசிதான். இரும்புக்கு 200 ஜிகாபாஸ்கல், உங்கள் கம்பிக்குச் சுமார் 50. இரும்புக் கணக்கிலேயே பீம் போட்டால் தொய்வும் வெடிப்பும் வரும். சைட்டில் வளைக்கவும் முடியாது, ஸ்டிரப்பை, அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை, ஆலையிலேயே வளைத்து வாங்க வேண்டும்.

துருப்பகை:
2023-லேயே இதற்கு ஐஎஸ் 18256 என்ற இந்தியத் தரநிலை வந்துவிட்டதே!

மூத்தபொறியாளர்:
அது கம்பியின் தரத்துக்கு. வீட்டை வடிவமைக்கும் விதி அல்ல.

சைட்தம்பி:
அண்ணன்களே, அதற்குத் தனித் திரி போடுங்க. சார், தூண் வடிவம்?

கடலோரவாசி:
சதுரம். இரண்டு சுற்று. மூலையை ஒட்டித்தான் சத்தம், உள்ளங்கை அகலம் வரும். மூலையைத் தேய்க்கவில்லை, கூராகவே இருந்தது.

சைட்தம்பி:
அப்போ பெரும்பாலும் அதுதான் சார். மூலையைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிய பிறகே சுற்ற வேண்டும். கூரான மூலையில் துணி படியாது, இழையும் அங்கேதான் முதலில் அறும். பூச்சு வேண்டாம், மூடிவிட்டால் அப்புறம் தட்டிப் பார்க்கவும் வழியில்லை. இன்னொன்று, கம்பியின் துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் சுற்றினார்களா? உள்ளே விட்டிருந்தால் துரு பெருத்துக் கான்கிரீட்டையே வெளியே தள்ளும். அதுவும் தட்டினால் பொள்ளென்றுதான் கேட்கும்.

கடலோரவாசி:
பூச்சுக்காரரை நிறுத்திவிட்டேன். நன்றி.

ஈரமானி:
துரு எடுத்தார்களா என்று சொல்லவே இல்லையே? ஈரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.