ஸ்ப்ரெட் ஆர்டரில் ஒரு லெக் மட்டும் விழுகிறது, என்ன காரணம்?

தண்டையார்பேட்டை பையன்:
எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். கூட்டம் சேரும் முன், மார்க்கெட் திறந்ததும்தான் ஆர்டர் போட நேரம். ஒரு சிமென்ட் பங்கின் மாத ஆப்ஷனில் 2000 கால் (அந்தப் பங்கை 2000-க்கு வாங்கும் உரிமை) வாங்கி 2100 கால் விற்க நினைத்தேன். இந்த ஜோடிதான் ஸ்ப்ரெட், ஒவ்வொன்றும் ஒரு லெக். திரையில் ஒன்று 38, இன்னொன்று 14.50. அதே விலைகளை லிமிட்டாக (இதைவிட மோசமான விலைக்கு வேண்டாம் என்று) வைத்து, இரண்டையும் சேர்த்து அனுப்பும் பேஸ்கெட்டில் அனுப்பினேன். இரண்டும் பெண்டிங். சார்ட் 38-ஐத் தொட்டுவிட்டுப் போனது, எனக்கு மட்டும் விழவில்லை, அதாவது ஆர்டர் நிறைவேறவில்லை. போன வாரம் வாங்கும் லெக் விழுந்து, விற்கும் லெக் சாயங்காலம் வரை தொங்கியது. ஆப் கோளாறா, என் நெட்டா?

காசிமேடு லிமிட்:
இரண்டும் இல்லை தம்பி. அந்த 38 கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. 14.50 வேறொரு நேரத்தில் நடந்தது. பங்கு ஆப்ஷனில் சில நிமிடம் வியாபாரமே நடக்காமல் கிடக்கும். ஏலத்தில் போன கூடையின் விலையைச் சொல்லி அடுத்த கூடையைக் கேட்டால் யார் தருவார்? டெப்த்தை, அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் விலைகளின் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை பையன்:
2000 கால்: பிட் (வாங்குபவர் தரும் விலை) 37, ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை) 40. 2100 கால்: பிட் 12.80, ஆஸ்க் 15.

காசிமேடு லிமிட்:
சரி. உடனே வேண்டுமென்றால் 40-க்கு வாங்கி 12.80-க்கு விற்கணும், செலவு 27.20. நடுவிலை 38.50, 13.90, வித்தியாசம் 24.60. நீங்க கேட்பது 23.50. நடுவிலையை விட 1.10 குறைவாகத் தர எதிரில் ஆள் இருக்கணுமே! 24.60-இல் ஆரம்பித்து இருபது முப்பது பைசாவாக ஏற்றுங்க. 26-க்கு மேல் போனால் விட்டுடுங்க. சார்ட் தொட்டதெல்லாம் கணக்கில் வராது. ஒரே விலையில் முன்னால் வந்த ஆர்டருக்குத்தான் முதலில் கிடைக்கும்.

பெரம்பூர் லோகோ:
ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க வீடியோக்களில் மொத்த விலை ஒன்றைப் போட்டால் இரண்டு லெக்கும் சேர்ந்து விழும். அங்கே அதற்கென்று தனி ஆர்டர் புக் இருக்கிறது. நம்ம பேஸ்கெட் அப்படியில்லை. ஒரே பொத்தானில் போகிற இரண்டு தனி ஆர்டர், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு லெக் மட்டும் விழுந்து நிற்கிறீங்க. என்எஸ்இ-யில் இரண்டு லெக் சேர்ந்த ஆர்டர் வகை உண்டு, ஆனால் உடனே பொருந்தவில்லை என்றால் ரத்தாகிவிடும். சாதாரண ஆப்களில் அதைப் பெரும்பாலும் தருவதில்லை.

வாங்கும் லெக்கை முதலில் விழ விடுங்க. விற்கும் லெக் முந்தினால் முழு மார்ஜின் (பிணையாக வைக்கும் பணம்) கேட்டு, பணம் போதாவிட்டால் ரிஜெக்ட்.

காசிமேடு லிமிட்:
கையில் மார்ஜின் இருந்தால் ஆள் குறைவான லெக்கை முதலில் முடிப்பேன். மற்றதை எப்போதும் வாங்கிக்கலாம்.

பெரம்பூர் லோகோ:
அந்த இடைவெளியில் பங்கு தாவினால் வாங்கிய கால் இல்லாமல் விற்ற காலோடு மட்டும் மாட்டிக்கொள்வது நீங்கதான் அண்ணே. புதியவருக்கு அது வேண்டாம். அப்புறம், 9:15-க்குத் திறந்த கையோடு போடாதீங்க. அப்போது பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடைவெளி அதிகம்.

தண்டையார்பேட்டை பையன்:
மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். 39-க்கு வாங்கி 13.50-க்கு விற்றது, மொத்தம் 25.50. வெளியே வரும்போதும் இதே வரிசையா?

பெரம்பூர் லோகோ:
தலைகீழ். விற்ற 2100-ஐ முதலில் திரும்ப வாங்குங்க, அப்புறம் 2000-ஐ விற்கலாம். மாற்றிச் செய்தால் மார்ஜின் எகிறும். எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியும் நாள்) வாரத்துக்குள் இழுக்காதீங்க. பங்கு ஆப்ஷன் டெலிவரியில், அதாவது பங்கே கைமாறி முடியும். அன்றைக்கு விலை 2050-இல் நின்றால் 2100 கால் காலாவதி; 2000 காலுக்கோ ஒரு லாட் (ஒரு ஆப்ஷனில் அடங்கிய மொத்த எண்ணிக்கை) பங்குக்கான முழுப் பணமும் கட்டணும்.