வரலாற்று வாட்போர்க் காட்சி: மேற்பார்வையாளர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):
மட்டக்களப்புக் கோட்டை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியதை எங்கள் கழகம் காட்சியாக்கவுள்ளது. அதில் மூன்று சோடியினர் முனை மழுக்கிய உருக்கு வாள்களோடு, ஒத்திகை பார்த்த அசைவுகளாக அன்றி, உண்மையான போட்டியாகவே மோதுவார்கள். மேற்பார்வைப் பொறுப்பு என்னுடையது. கூத்தில் மரவாள் பிடித்ததைத் தவிர எனக்கு வேறு அனுபவமில்லை. வட்டக்களரி போல மக்கள் சுற்றியிருந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான் எதை அனுமதிக்கலாம், எதை மறுக்க வேண்டும்?

சவுக்கடி மணல் (தற்போது கனடா):
தம்பி, இங்கு வரலாற்று வாட்போர்ப் போட்டிகளில் ஆறு ஆண்டுகளாக மேற்பார்வை செய்கிறேன். முதலில் முகக்கவசத்தைப் பாருங்கள். 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில், எதிராளியின் வாள் முறிந்து அதன் நுனி முகக்கவசத்தின் கம்பி வலையைத் துளைத்ததால், சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் சில நாள்களில் உயிரிழந்தார். அதன் பின்னரே கவசம், வாளின் அலகு இரண்டுக்குமான தரங்கள் இறுக்கப்பட்டன. உங்கள் கல்லடிக் கரையின் கடற்காற்றில் வைத்திருந்த கவசமென்றால் வலையின் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். உள்வாங்கினாலோ துரு உதிர்ந்தாலோ, அது யாருடையதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். விளையாட்டு வாட்போருக்கான கவசம் பின்தலையை மூடாது என்பதால், கனமான உருக்கு வாளுக்குத் தனியான பின்தலைக் காப்பு வேண்டும். உடையில் எழுதியிருக்கும் 350, 800 நியூட்டன் என்பவை துளைப்பைத் தாங்கும் அளவுகள்தாம். அடியின் வேகத்தை அவை குறைக்காது. தொண்டைக்காப்பும் விரல்களை மூடும் தடித்த கையுறையும் இல்லாதவரைக் களத்தில் இறக்காதீர்கள்.

வாளின் விளிம்பில் பழைய பருத்தித் துணியொன்றை இழுத்துப் பாருங்கள்; நூல் சிக்கினால் அங்கே பிசிறு உண்டு, அரத்தால் தேய்த்த பின்பே அது களத்துக்கு வரலாம். நுனியின் இரப்பர் மூடியை அலகின் நிறத்துக்கு மாறான நிறப் பட்டியால் சுற்றினால், அது கழன்றது தூரத்திலிருந்தே தெரியும். இந்தச் சோதனை காலையில் ஒருமுறை செய்து முடிப்பதன்று. ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் செய்ய வேண்டும்.

பழைய மத்தளம் (அம்பாறை):
கவசத்தைப் பற்றி மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். என் கவலை அந்த வட்டக்களரிதான். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆடிய வடமோடிக் கூத்தொன்றில் மரவாளின் அலகு பிடியிலிருந்து கழன்று, முன்வரிசையில் பாயில் படுத்திருந்த சிறுவனின் காலடியில் விழுந்தது. அன்று தப்பியது எங்கள் அதிர்ஷ்டம், உருக்கென்றால் என்னவாகியிருக்கும்? பார்வையாளரை ஒரே பக்கத்தில், கயிற்றுக்கு அப்பால், சில மீற்றர் தள்ளி இருத்துங்கள். அழகு குறையும் என்று கழகத்தார் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். கச்சான் காற்று வீசும் வெக்கை மாதமென்றால் பகலில் வைக்கவே வேண்டாம்; அந்தத் தடித்த உடைக்குள் ஆள் மயங்கி விழுவான்.

வாவிக்கரையான்:
நன்றி ஐயா, நன்றி அண்ணன். ஒரு மேற்பார்வையாளர் போதும் என்கிறார்கள். நானும் ஒரு சோடியில் மோத வேண்டுமாம்.

சவுக்கடி மணல்:
இரண்டுக்கும் மறுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் நிற்பவருக்கு ஒருவரின் முதுகு மற்றவரின் கையை மறைக்கும். ஆகவே எதிரெதிரே இருவர் வேண்டும், அவர்கள் அன்று வாள் எடுக்கக் கூடாது. ‘நிறுத்து’ என்ற ஒரே சொல்லை முன்கூட்டியே பழக்குங்கள். அதை மேற்பார்வையாளர் மட்டுமல்ல, மோதுபவரோ கயிற்றருகில் நிற்கும் தொண்டரோ கூட உரக்கச் சொல்லலாம். சொன்னவுடன் எல்லா வாள்முனைகளும் தரையை நோக்க வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் கோட்டை வாசலால் எந்த வழியாக உள்ளே வரும் என்பதை முதல் நாளே நடந்து பாருங்கள்.