வியாழக்கிழமைக்குள் ஒரு சொல்: பிறன்கோளா, கூற்றாய்வா?

அனுப்பியவர்: விரிவுரையாளர், நிலாவெளி வளாகம்
பொருள்: கைந்நூல் அட்டைக்கு ஒரு சொல், அவசரம்

அன்புள்ள கலைச்சொற் குழு ஐயாமார், அக்காமார், தம்பிமார்,

இரண்டாம் வருடத் தொடர்பாடல் மாணவர்களின் கைந்நூல் வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. உள்ளடக்கம் முடிந்துவிட்டது. பாடத்தின் பெயர்தான் இழுபடுகிறது. ஒரு தீவிரவாத இயக்கம் என்ன நினைக்கிறது என்பதை அதன் எதிரி சொல்லக் கேட்காமல், அது தானே எழுதிய துண்டுப்பிரசுரம், சஞ்சிகை, வானொலிப் பேச்சு, கொள்கை விளக்கம் என்பவற்றை நேரே வாசித்து அறிவது எப்படி என்பதுதான் பாடம். வரைவில் 'தீவிரவாதக் கருத்துநிலை மூலப்பிரதிப் பகுப்பாய்வு' என்று இருக்கிறது. வகுப்பில் ஒருவரும் அதை முழுதாகச் சொல்வதில்லை. 'அந்த வெறுப்புப் பாடம்' என்கிறார்கள். வெறுப்பைப் படிப்பிக்கும் பாடம் என்று வீடுகளில் விளங்கிக்கொண்டால் வில்லங்கம்.

சென்ற கிழமை, ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலி 1994 இனப்படுகொலைக் காலத்தில் ஒலிபரப்பிய பேச்சுகளின் எழுத்துப்படியைத் தமிழாக்கிக் கொடுத்தேன். முதற்பக்கத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அறிவிப்பாளர் பகிடி விடுகிறார், பாட்டுகளுக்கிடையில் தெருப்பேச்சில் கதைக்கிறார். அடுத்த பக்கத்தில் 'இன்யென்சி' வந்தது. கரப்பான் பூச்சி. 1960களில் எல்லை தாண்டி வந்து தாக்கிய ஆயுதக் குழுவுக்கு வழங்கிய பெயர் அது. 1994இல் துட்சி இனத்தவர் எல்லோர் மேலும் விழுந்தது. சிரித்தவர்களில் ஒரு பிள்ளை பென்சிலை எடுத்து, எந்த வரியில் தன் சிரிப்பு நின்றது என்று தாளில் கோடு போட்டாள். நான் போடச் சொல்லவில்லை. அந்தக் கோடு போடும் வேலைக்குத்தான் எனக்குப் பெயர் வேண்டும்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம்பலகாமம்
மறு: கைந்நூல் அட்டைக்கு ஒரு சொல்

மகள், நீங்கள் தேடும் சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மரபியலின் கடைசியில் வரும் முப்பத்திரண்டு உத்திகளில் ஒன்று 'பிறன்கோட் கூறல்'. பிறன் கொண்ட கொள்கையை அவன் கொண்டபடியே எடுத்துச் சொல்வது. அதற்கு முன்னால் நிற்பது 'மறுதலை சிதைத்துத் தன் துணிபு உரைத்தல்', அதாவது எதிர்க்கொள்கையை உடைத்துத் தன் முடிவைச் சொல்வது. இரண்டையும் வேறு வேறு வேலையாகத் தொல்காப்பியர் பிரித்ததைக் கவனியுங்கள். நன்னூலாரும் எழுவகை மதத்தில் 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்றார். மேற்கொள்ளாமல் களைய முடியாது.

இதைச் செய்து காட்டியவர் அருணந்தி சிவாசாரியார். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை பதினான்கு மதத்தாரை நிறுத்தி, ஒவ்வொருவரையும் முதலில் அவரவர் வாயாலேயே பேசவிட்டார். மறுப்பு பிறகுதான் வரும். மணிமேகலையும் வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டவள்தானே.

ஆகவே 'பிறன்கோள் ஆய்வு'. சின்னச் சொல், வாயில் நிற்கும்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மூதூர்

சேர், மதிப்போடு சொல்கிறேன். நீதிமன்றத்திலும் பிரதேச செயலகத்திலும் நாளாந்தம் மொழிபெயர்க்கிற எனக்கே 'கோள்' என்றதும் செவ்வாயும் வியாழனும்தான் முதலில் வருகின்றன. கிராமத்துப் பிள்ளைக்கு 'கோள் சொல்லுதல்' வரும். இரண்டும் இந்தப் பாடத்துக்கு ஆகாது.

சொல்லுக்கு முன்னால் இன்னொன்றைத் தீர்க்க வேண்டும். 'தீவிரவாதம்' என்று எதைச் சொல்கிறோம்? 1907இல் சூரத் காங்கிரஸ் பிளந்தபோது திலகர் பக்கம் நின்ற வ.உ.சி.யும் பாரதியும் வரலாற்று நூல்களில் தீவிரவாதிகள்தான், மற்றவர்கள் மிதவாதிகள். இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகை குண்டு வைப்பவனையும் அதே சொல்லால் எழுதுகிறது. இங்கே 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தால் அதற்குப் 'பயங்கரவாதம்' நிலைத்துவிட்டது. நமது பத்திரிகைகள் இடையில் 'கடும்போக்கு' என்று ஒன்றை வைத்திருக்கின்றன, அது நல்ல சொல். சிங்களத்தில் 'அன்தவாதய' என்பார்கள். அந்தம், அதாவது ஓரம். புத்தர் விலக்கிய இரண்டு அந்தங்களின் நினைவு அதில் இருக்கிறது. நமது 'தீவிரம்' வேகத்தைச் சொல்கிறது, திசையைச் சொல்லவில்லை.

அட்டையில் 'கடும்போக்கு எழுத்துகள்: மூலவாசிப்பு' என்று போடுங்கள். எல்லோருக்கும் விளங்கும்.

---

அனுப்பியவர்: சம்பூர்க்காரன், இப்போது ரொறன்ரோ

எல்லோருக்கும் வணக்கம். 'பிரசாரம்', 'சஞ்சிகை', 'மூலம்' என்று வடசொல்லாகவே அடுக்குகிறீர்கள். வேரிலிருந்து வருவோம். 'புரொப்பகண்டா' 1622இல் உரோமில் பாப்பரசர் நிறுவிய, மறை பரப்பும் பேராயத்தின் பெயரிலிருந்து வந்தது. அதன் இலத்தீன் வேர் உழவுச் சொல். திராட்சைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வதைக் குறிப்பது. தமிழில் அதற்குப் பெயர் பதியம். பதி என்றால் நடு, அழுத்து, பொறி. 'மனதில் பதிந்தது' என்பதும் அதே பதி. ஆகவே 'பதியுரை'. அதை ஆராய்வது 'பதியுரையியல்'. 'பரப்புரை' வெளியில் நடப்பதைச் சொல்கிறது. 'பதியுரை' கேட்டவன் உள்ளே நடப்பதைச் சொல்கிறது. பதி கடவுளையும் கணவனையும் குறிக்குமே என்று யாரும் கேட்க முன் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதி வேறு, வடமொழி. பதிகம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

---

அனுப்பியவர்: ஆசிரியை, கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

தம்பலகாமத்து சேரிடம் ஏ.எல்.லுக்குத் தமிழ் படித்தவள் நான். அதனால் உரிமையோடு கேட்கிறேன். சேர், 'பிறன்' யார்?

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் புத்தக அலுமாரியைப் பார்த்துப் பயந்தார்கள். அரபு எழுத்துத் தெரிந்தாலே போதும், தொழுகைப் புத்தகத்தைக்கூட ஒளித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் தேடி வந்தார்கள் என்பதுதான் காரணம். அடுத்த வருடம் மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் கைதானார். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். அதில் வன்முறையைக் கண்டிக்கிற கவிதைகள் இருந்தன. 2020 மே மாதம் பிடித்தவரை 2021 டிசம்பரில்தான் பிணையில் விட்டார்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு கவிதையில் பேசுவது யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா?

மறுபக்கமும் இருக்கிறது. அந்தத் தாக்குதலை நடத்திய குழுவின் தலைவர் சஹ்ரானின் காணொளிகளைக் கேட்டவர்களுக்கு அவர் பிறன் இல்லை. எங்கள் பேச்சுத் தமிழில், எங்கள் உவமைகளோடு, 'நாங்கள்' என்று பேசினார். எல்லாப் பக்கத்திலும் இந்த எழுத்து அப்படித்தான் வேலை செய்கிறது. 'பிறன்கோள்' என்று அட்டையில் போட்ட அன்றே ஒவ்வொரு மாணவனும் அது மற்றச் சமூகத்தைப் பற்றிய பாடம் என்று நிம்மதியாக இருந்துவிடுவான். திகணையில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையைப் படிக்கும்போது சிங்களப் பிள்ளையும், சஹ்ரானைப் படிக்கும்போது எங்கள் பிள்ளையும், வேறு சிலதைப் படிக்கும்போது உங்கள் பிள்ளையும் தன் 'நாம்' எங்கே பிடிபட்டது என்று தேட வேண்டாமா?

---

அனுப்பியவர்: பத்திரிகையாளர், உப்புவெளி

டீச்சர் 'வேறு சிலது' என்று மரியாதைக்கு விட்டதை நான் பெயர் சொல்லி எழுதுகிறேன். வித்துடல், துயிலுமில்லம், வீரச்சாவு, கரும்புலி. இவை விடுதலைப் புலிகள் இயக்கம் ஆக்கிய கலைச்சொற்கள். தமிழிலக்கணப்படி ஒரு பிழையும் இல்லாத, அழகான சொற்கள். 'பிணம்' என்று எழுதிய இடத்தில் 'வித்துடல்' என்று எழுதினால் அடுத்த பிள்ளை முளைக்க வேண்டியவன் ஆகிவிடுகிறான். இழந்த தாய்க்கு அந்தச் சொல் ஆறுதலாகவும் இருந்தது, அதையும் மறுக்க மாட்டேன். இரண்டும் ஒரே சொல்லில் நடந்தன. ஒரு மொழியின் கலைச்சொல்லாக்கத் திறமை எதற்கெல்லாம் பயன்படும் என்று இந்தக் குழு கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இந்த யோசனையைச் செய்து காட்டியவர் விக்டர் கிளெம்பரர். டிரெஸ்டனில் இருந்த யூத மொழியறிஞர். வேலை போய், வீடு போய், நூலகத்துக்குள் நுழையத் தடையாகியும், நாஸிகளின் அறிவித்தல், பத்திரிகை, மரண விளம்பரம் எல்லாவற்றிலும் சொற்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். 'வெறி கொண்ட' என்ற அடைமொழி வசையாக இருந்தது பாராட்டாக மாறியதைப் பிடித்தார். 1947இல் நூலாக வந்தது. அவர் அதை பிறனுடைய மொழி என்று படிக்கவில்லை. தான் நேசித்த ஜேர்மன் மொழிக்கு நடந்தது என்று படித்தார்.

'பதியுரை' வேண்டாம் அண்ணா. வித்தும் பதியமும் போதும் எங்களுக்கு.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம்பலகாமம்

பிள்ளை கேட்ட கேள்வி நியாயமானது. ஆனாலும் 'பிறன்' என்பதை இகழ்ச்சியாக எடுக்கக் கூடாது. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் நம் கைக்கு முழுதாக வரவில்லை. கிடைத்த சில பாட்டுகள் புறத்திரட்டில் இருக்கின்றன. அது என்ன வாதிட்டது என்பதை அறிய அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியையும் அதன் உரையையும்தான் நாடுகிறோம். பகைவன் பகைவனின் நூலைக் காத்தான். ஹிட்லரின் நூலுக்கு உரிமைக்காலம் 2015 முடிவில் தீர்ந்ததும், மியூனிக் வரலாற்று ஆய்வு நிறுவனம் 2016 ஜனவரியில் 3,500க்கு மேற்பட்ட குறிப்புகளோடு அதை வெளியிட்டதும் இந்த மரபுதான். பொய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரை நிற்கிறது. அதைப் 'பிறன்கோள்' என்று சொல்வதில் என்ன குறை? தூய சொல் விளங்காது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணி செய்த விபுலாநந்த அடிகள் 1930களில் கலைச்சொற் குழுவுக்குத் தலைமை தாங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள். வழங்க வழங்க விளங்கும்.

---

அனுப்பியவர்: முதுகலை மாணவன், உவர்மலை

சேர், நீங்கள் மரபியலைத் திறந்தீர்கள், நான் செய்யுளியலைத் திறக்கிறேன். முதல் நூற்பாவில் செய்யுளுறுப்புகளைச் சொல்லி வரும்போது: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம். ருவாண்டா எழுத்துப்படிக்கு இந்த எட்டையும் வைத்துப் பார்த்தேன். பேசுவது யார், கேட்பவர் எனக் கருதப்படுபவர் யார், எங்கே, எப்போது, என்ன செய்விக்க, எந்த உணர்ச்சியை எழுப்ப. எச்சம் என்பதுதான் பெரிய திறப்பு: சொல்லாமல் விட்டுக் கேட்பவனை நிரப்ப வைப்பது. 'வேலையைத் தொடங்குங்கள்' என்றுதான் அந்த வானொலியில் வரும், என்ன வேலை என்று வராது. முன்னத்துக்குத் தொல்காப்பியர் தரும் விளக்கம், 'இவ்விடத் திம்மொழி இவரிவர்க் குரியவென் றவ்விடத் தவரவர்க் குரைப்பது முன்னம்'. ஒரே இயக்கம் வெளிநாட்டுப் பத்திரிகையாளருக்கு ஒரு மாதிரியும் பதினாறு வயதுப் பையனுக்கு வேறு மாதிரியும் எழுதுவதைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் 1948இல் 'யார், என்ன, எவ்வழி, யாருக்கு, என்ன விளைவோடு' என்று கேட்டதில் எச்சம் இல்லை.

அகப்பாட்டில் 'தலைவி கூற்று' என்று எழுதும்போது அவள் சொல்வது சரி என்றோ பிழை என்றோ நாம் சொல்வதில்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்று மட்டும் முதலில் நிறுத்துகிறோம். ஆகவே 'கூற்றாய்வு'. கிண்ணியா டீச்சர் கேட்ட பிறன் சிக்கலும் இதில் இல்லை.

---

அனுப்பியவர்: சம்பூர்க்காரன், ரொறன்ரோ

தம்பி, கையைக் கொடுங்கள். கூற்று என்றால் யமனும்தான். அப்பர் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று தொடங்கினார். உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் கூற்று. பேச்சும் கூறுபடுத்துகிறது, ஒலியைக் கூறாக்கிப் பொருளாக்குகிறது. கூறு, கூறை, இரண்டும் வெட்டில் வந்து நிற்கும். ஒரு ஊரை இரண்டாகக் கூறுபோடும் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியிலும் இல்லை. கூறையையும் கூரையையும் பிரித்து நாளை நீளமாக எழுதுகிறேன்.

---

அனுப்பியவர்: ஆசிரியை, கிண்ணியா

கூற்றாய்வுக்கு என் ஆதரவு. துணைத்தலைப்பில் 'கடும்போக்கு' இருக்கட்டும். 'தீவிரவாதம்' என்ற சொல்லை வைத்து எங்கள் ஆட்களை எவ்வளவு காலம் உள்ளே வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

---

அனுப்பியவர்: விரிவுரையாளர், நிலாவெளி வளாகம்
மறு: மறு: கைந்நூல் அட்டைக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் நன்றி. புதன் இரவு பதினொன்றாகிவிட்டது. அட்டையில் இப்படிப் போகிறது:

கூற்றாய்வு
கடும்போக்கு எழுத்துகளை அவற்றின் வாயாலேயே வாசித்தல்

தம்பலகாமத்து ஐயாவின் 'பிறன்கோள்' இரண்டாம் அத்தியாயத்தில், பரபக்கம், நீலகேசி, மியூனிக் பதிப்பு மூன்றையும் சேர்த்துப் பேசும் இடத்தில் வருகிறது. அங்கே அது சரியாக இருக்கும். பயிற்சிப் பகுதியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே எட்டுக் கட்டங்கள் வைத்திருக்கிறேன், கூற்று முதல் முன்னம் வரை. ஒன்பதாவது கட்டம் அந்தப் பிள்ளையின் பென்சில் கோட்டுக்கு: 'நான் எந்த வரி வரைக்கும் கூடப் போனேன்?' வித்துடல் பற்றிய பக்கத்தை எடுக்கச் சொல்லி உப்புவெளித் தம்பிக்குத் தனி மடல்கள் வந்ததாக அறிகிறேன். அந்தப் பக்கம் இருக்கும்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மூதூர்

என் மறுப்பைக் குழுவின் பதிவில் வையுங்கள். 2006 ஓகஸ்டில் சண்டைக்குத் தப்பி மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்த சனத்தில் நானும் ஒருவன், இந்தப் பாடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சொல்லில்தான் உடன்பாடில்லை. 'கூற்று' என்ற சொல்லை நம் பிள்ளை எங்கே சந்தித்தது? தேர்வு வினாத்தாளில். 'பின்வரும் கூற்றுகளுள் சரியானது எது?' பத்து வருடமாக அந்தச் சொல்லைக் கண்டதும் சரி பிழை போட்டுப் பழகிய கை. கடும்போக்கு எழுத்தின் கெட்டித்தனமே, வரிவரியாகப் பார்த்தால் பாதிக்குமேல் சரி என்று அடையாளமிட வேண்டியிருப்பதுதான். நடந்த படுகொலை உண்மை, எடுத்த காணி உண்மை, திகதி உண்மை. அடுக்கிய விதத்தில் வந்து நிற்கும் முடிவுதான் நஞ்சு. 'கூற்றாய்வு' என்று கேட்ட மாணவன் தகவல் சரிபார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவான்.

பாடசாலை ஆசிரியர்களுக்காக நான் செய்யும் சிங்களம் தமிழ்ப் பிரதியில் 'மூலவாசிப்பு' என்றே எழுதுவேன். நன்றியுரையில் என்னைச் சேர்ப்பதில் மறுப்பில்லை. சொல் தந்தவர்கள் என்ற பட்டியலில் சேர்க்க வேண்டாம்.